எங்கே வெட்டுவது? டென்னசியிலும் கென்டக்கியிலும் ஏழு நாள்

முதல் நாள்: அட்லாண்டாவிலிருந்து காட்லின்பர்க்

ஆக்லாந்தில் ஏறி, ஹியூஸ்டனில் மாறி, அட்லாண்டாவில் இறங்கியபோது எது பகல் எது ராத்திரி என்றே உடம்புக்குத் தெரியவில்லை. வெளியே மச்சான் காரோடு நின்றான். என் மனைவியின் தம்பி, அட்லாண்டாவில் வேலை பார்க்கிறான். குடியில் நாட்டமில்லாதவன் என்பதால் ஏழு நாளும் வண்டி ஓட்டுகிறேன் என்று தானாகவே சொன்னான். பின் சீட்டில் பெரியவர். நியூசிலாந்தின் ஹாமில்டனில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். வயது 78. பால்பொருள் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சாராயம் வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அமெரிக்காவில் சாராயமும் விஸ்கியும் வடிக்கிற இடங்களைப் பார்க்கத்தான் இருவரும் வந்திருந்தோம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே சாராயம் வடிப்பது 1996 முதல் சட்டப்படி சரி. விற்கத்தான் கூடாது. கொதிகலன், ஈஸ்ட், அளவுமானி எல்லாம் கடையிலேயே கிடைக்கும். அமெரிக்காவில் நிலைமை வேறு. வீட்டில் பியர் காய்ச்சலாம், ஒயின் போடலாம். சாராயம் வடித்தால் மத்தியச் சட்டப்படி குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. 2024 ஜூலையில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிபதி, இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் வழக்குப் போட்ட சங்கத்தாரைத் தாண்டி மற்றவர்களுக்கு அது பொருந்தவில்லை. ஆக, மூன்ஷைன், அதாவது ஒளித்து வடித்த சாராயம், என்ற சொல்லே பிரபலமான மண்ணில் அதைச் சொந்தமாகக் காய்ச்ச வழியில்லை, எங்கள் வீட்டு கராஜில் வழியிருக்கிறது.

எனக்கு இந்த ஆசை சாராயத்திலிருந்து வந்ததல்ல. தாத்தா சித்த வைத்தியர். வீட்டுக் கொல்லையில் வாலை என்கிற செம்பு வடிகலம் வைத்திருந்தார். ஓமத்தை ஊறவைத்துக் காய்ச்சி, மேல் சட்டியில் குளிர்ந்த தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பார். மூக்குக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஓமத் தீநீர் இறங்கும். முதல் சொட்டு விழுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாற்பது வருஷம் கழித்துப் பெரியவரின் கராஜில் அதே சொட்டைப் பார்த்தேன். பிறகு விடவில்லை.

எங்களுக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கேள்விதான். எங்கே வெட்டுவது?

வடிக்கிறபோது முதலில் வருவது தலை. நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி மூக்கில் ஏறும். பிறகு நடு. அதுதான் குடிக்கிற சரக்கு. கடைசியில் வால், ஈர அட்டைப்பெட்டி வாடை. நாங்கள் கால் லிட்டர் ஜாடிகளை வரிசையாக எண் போட்டு வைத்து, ஒவ்வொன்றாக நிரப்புவோம். மெல்லிய துணி போட்டு மூடி ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஒவ்வொரு ஜாடியாக முகர்ந்து எது சேரும், எது சேராது என்று முடிவெடுப்போம். அதற்குத்தான் வெட்டு என்று பெயர். பெரியவர் ரொம்ப ஒடுக்கமாக வெட்டுவார். இருபது ஜாடி வந்தால் ஆறேழைத்தான் வைத்துக்கொள்வார். கேட்டால், "எனக்கு 78 ஆச்சு. மரத்துல போட்டுக் காத்திருக்க நேரமில்ல. வெள்ளையாவே குடிக்கப் போறேன், அப்ப சுத்தமா இருக்கணும்" என்பார்.

மோட்டலுக்கு வந்ததும் அம்மாவிடம் பேசினேன். எங்கள் ஊர் சங்கராபுரம் பக்கம். கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும். "அந்தச் சனியனப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?" என்றார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊரே பந்தலும் பாடையுமாகக் கிடந்த நாட்கள் அவை. அவர்களைக் கொன்றது மெத்தனால். ஊறல் புளிக்கிறபோது தானாக அந்த அளவுக்கு வருவதில்லை அது. ஆலைகளுக்குப் போகிற மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. "நான் வடிக்கிறத யாருக்கும் விக்கறதில்லம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் நாள்: காட்லின்பர்க்

ஸ்மோக்கி மலையடிவாரம். அக்டோபர் மாதம், இலை நிறம் மாறுகிற பருவம், தெருவில் கால் வைக்க இடமில்லை. பழனியில் தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாதிரி கூட்டம்.

இந்த ஊரில் சட்டப்படி மூன்ஷைன் விற்பது பழைய கதையல்ல. 2009க்கு முன்னால் டென்னசியில் மூன்றே மூன்று கவுன்டிகளில்தான் (நம் மாவட்டம் மாதிரி) வடிக்க அனுமதி. அந்த வருஷம் சட்டத்தை மாற்றினார்கள். 2010இல் ஓல் ஸ்மோக்கி கடை திறந்தது. நாலு வருஷம் கழித்து ஷுகர்லேண்ட்ஸ் வந்தது. இரண்டும் நடந்து போகிற தூரம். இரண்டிலும் செம்புக் கொப்பரைகள் கண்ணெதிரே நிற்கின்றன. சரக்கை ஊறுகாய் ஜாடி மாதிரித் திருகுமூடி போட்ட கண்ணாடி ஜாடியில்தான் விற்கிறார்கள்.

ருசிக்கிற மேடை வட்டமாக இருக்கிறது. நடுவில் நிற்கிற பெண் விரலளவு பிளாஸ்டிக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே கதை சொல்கிறார். ஆப்பிள், பீச், பிளாக்பெர்ரி என்று பழச்சுவை போட்டவை சுமார் 20 விழுக்காடு ஆல்கஹால். இனிப்பு தூக்கலாக இருக்கிறது, சாராயத்தின் முகமே தெரியவில்லை. கடைசியாகச் சோளச் சரக்கு, 50 விழுக்காடு. அதை வாயில் வைத்ததும் பெரியவர் கண்ணை மூடினார். வறுத்த மக்காச்சோளத்தின் இனிப்பு முதலில் வந்தது. பின்னால் ஒரு மிளகுக் காரம். எங்கள் வீட்டுச் சரக்கைவிட முரட்டுத்தனம் கூடுதல். அது எனக்குப் பிடித்திருந்தது.

கொப்பரைப் பக்கம் நின்ற ஊழியர் ஒருவரிடம் எங்கள் கேள்வியைக் கேட்டோம். அறுபது வயதிருக்கும், கையில் தீக்காயத் தழும்பு. நாங்களும் வடிக்கிறவர்கள், நியூசிலாந்துக்காரர்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஜாடி ஒன்றை எடுத்து மூடியை இறுக்கி ஒரு குலுக்கு குலுக்கினார். மேலே குமிழி எழுந்தது. "பெருசா வந்து பட்டுனு உடைஞ்சா வீரியம் ஜாஸ்தி. சின்னதா நுரைச்சு நின்னா தண்ணி ஏறிடுச்சு. எங்கப்பா இதப் பாத்துத்தான் நிறுத்துவாரு. அவருகிட்ட அளவுமானி கெடையாது" என்றார். தலையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தொடைக்கிறதுக்கு."

கொப்பரைக்கும் சுருள் குழாய்க்கும் நடுவில் ஒரு பீப்பாய் நிற்கும். தம்பர் என்பார்கள். கொதிக்கிற ஆவி அதற்குள் இருக்கிற திரவத்தில் புகும்போது டொக் டொக் என்று தட்டும் என்பதால் அந்தப் பெயர். இரண்டு முறை வடிக்கிற வேலையை ஒரே மூச்சில் முடித்துவிடும். விறகும் நேரமும் மிச்சம். மலைக்குள் ஒளிந்து வடித்தவர்களுக்குப் புகை தெரிகிற நேரமும் மிச்சம்.

அவர்கள் ஏன் ஒளிந்தார்கள் என்பதை இங்கே நின்று யோசித்தால்தான் விளங்குகிறது. மலையில் விளைகிற சோளத்தை மூட்டையாகக் கீழே இறக்கினால் கூலிக்கே காணாது. சாராயமாக்கினால் ஒரு குதிரை சுமந்துவிடும். உள்நாட்டுப் போருக்காக 1862இல் மறுபடி வரி வந்தபோது, ஊருக்கே வழக்கமாக இருந்த ஒன்று ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. எல்லாரும் நல்ல சரக்கு வடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆவியைக் குளிர்விக்க லாரி ரேடியேட்டரைப் பயன்படுத்தி, அதன் ஈயப் பற்றால் ஊரையே நோயாளியாக்கியவர்களும் உண்டு. செம்பு வாங்கக் காசில்லாதவனும் பேராசைக்காரனும் அதே தகரத்தைத்தான் எடுத்தார்கள்.

சுவரில் பாப்கார்ன் சட்டனின் படம். நீண்ட தாடி, தொப்பி, மேல்பட்டி வைத்த முழுக் கால்சட்டை. இந்த மலைப்பக்கத்தின் பேர்போன வடிப்பாளர். பல முறை பிடிபட்டவர். 2009 தொடக்கத்தில் 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மார்ச்சில், சிறைக்குப் போகும் முன்பே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். சட்டம் மாறியதும் அதே வருஷம்தான். அடுத்த வருஷம் இந்தத் தெருவில் கடை திறந்து, சனங்கள் வரிசையில் நின்று ஜாடி வாங்கினார்கள். அவர் வாழ்ந்த காக் கவுன்டிக்குப் போகலாம் என்று நினைத்திருந்தோம். செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்து அங்கே நியூபோர்ட் ஊருக்குள் ஆறு புகுந்துவிட்டது. சேறு அள்ளிக்கொண்டிருக்கிற சனங்கள் நடுவே வேடிக்கை பார்க்கப் போவது முறையல்ல என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள்: கேட்ஸ் கோவ், பிறகு டல்லஹோமா

காலையில் கேட்ஸ் கோவ். 11 மைல் ஒருவழிச் சுற்றுப்பாதை. கரடியைப் பார்க்க எல்லாரும் வண்டியை நிறுத்த, நாங்கள் கேபிள் மில்லில் இறங்கினோம். தண்ணீர்ச் சக்கரம் சுற்றி, கல் சுற்றி, சோள மாவு கொட்டுகிறது. மாவை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்தேன். இளஞ்சூடு. ரவையும் மாவும் கலந்த பதம்.

சோளத்தில் ஊறல் போடுவது கூழ் காய்ச்சுகிற அதே வேலைதான். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிக் கிளறினால் களியாக இறுகும். துடுப்பு நிமிர்ந்து நிற்கும். நான் முதல் தடவை செய்தபோது கலக்குவதை ஐந்து நிமிஷம் விட்டேன், அடிப்பிடித்துவிட்டது. ஒரு கொதிகலன் சரக்கு முழுக்கக் கருகல் வாடை. மொத்தத்தையும் கொட்டினேன். இரண்டாம் தடவை பெரியவர் கூடவே நின்றார். களி 65 டிகிரிக்கு ஆறியதும் முளைகட்டி உலர்த்திய பார்லி மாவைத் தூவச் சொன்னார். பத்து நிமிஷத்தில் துடுப்பு சரிந்தது. களி கஞ்சியாக இளகியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு! பார்லி முளையில் இருக்கிற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிட்டது. எத்தனை தடவை செய்தாலும் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அதிசயம்தான்.

பிறகு மேற்கே நாலு மணி நேரப் பயணம். வழியில் நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் லாபம். டல்லஹோமாவில் தங்கல்.

நான்காம் நாள்: லிஞ்ச்பர்க்

ஜாக் டேனியல்ஸ் விஸ்கி வடிக்கிற டிஸ்டிலரி. உலகம் முழுக்கப் போகிற பாட்டில் இந்தச் சின்ன ஊரின் பள்ளத்தாக்கிலிருந்து புறப்படுகிறது. மூர் கவுன்டி இன்றும் மதுவிலக்குக் கவுன்டி. ஊர்க் கடையில் ஒரு பாட்டில் வாங்க முடியாது. டிஸ்டிலரிக்குள் மட்டும் நினைவுப் பாட்டில் விற்கவும், சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு ருசிக்கக் கொடுக்கவும் தனி ஏற்பாடு.

குகை ஊற்றுக்கு முதலில் கூட்டிப்போனார்கள். பாறை வாயிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் வருகிறது. வருஷம் முழுக்க 56 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 13 டிகிரி. சுண்ணாம்புக்கல் வழியாக வருவதால் இரும்பு இல்லை. அதில் என்ன விசேஷம் என்று மச்சான் கேட்டான். "கடுக்காய்த் தண்ணியில இரும்பப் போட்டா என்ன ஆகும்?" என்றேன். "கறுத்து மையாயிடும்." "பீப்பாய் மரத்திலயும் அதே துவர்ப்புச் சத்துதான்டா. இரும்புத் தண்ணிய ஊத்துனா விஸ்கி கறுத்துப்போகும்." எங்கள் ஊரில் பட்டைச் சாராயத்துக்கு ஊறலிலேயே வேலம்பட்டை போடுவார்கள். துவர்ப்பை அவர்கள் முதலிலேயே சேர்த்தார்கள். இவர்கள் கடைசியில், ஓக் மரத்தில் சேர்க்கிறார்கள்.

அடுத்து கரிக்களம். சர்க்கரை மேப்பிள் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மண்ணெண்ணெய்க்குப் பதில் புதுச் சாராயத்தையே ஊற்றிக் கொளுத்துகிறார்கள். எரிந்து முடிந்த கரியைப் பொடித்து, 10 அடி உயரத் தொட்டிகளில் நிரப்புகிறார்கள். வடித்த சரக்கு அந்தக் கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க நாள் கணக்காகிறது. லிங்கன் கவுன்டி முறை என்று பெயர். டென்னசி விஸ்கி என்று எழுத வேண்டுமானால் கரியில் வடிகட்டியிருக்க வேண்டும் என்று 2013இல் மாநிலச் சட்டமே வந்தது. வழிகாட்டி ஒரு தொட்டியின் மூடியைத் தூக்கிக் கையால் விசிறினார். காற்று முகத்தில் அடித்தது. வாழைப்பழம், ஈரக் கரி, சோளம். பெரியவர் மூன்று தடவை குனிந்து முகர்ந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த மரியாதைக்காகவே இந்த ஊரை எனக்குப் பிடித்தது.

இங்கே பானை கிடையாது. பல மாடி உயரச் செம்புத் தூண். மேலிருந்து புளித்த ஊறல் இறங்குகிறது, கீழிருந்து நீராவி ஏறுகிறது. நடுவில் துளைபோட்ட தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு குட்டி வடிப்பு. இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. எங்கே வெட்டுகிறீர்கள் என்று கேட்டோம். வழிகாட்டி தூணைக் காட்டினார். "இதுல நேரத்த வச்சு வெட்ட முடியாது. தலையும் வாலும் இங்க வரிசையா வர்றதில்ல, எல்லாம் ஒரே சமயத்துல தூணுக்குள்ள வேற வேற உயரத்துல நிக்குது."

எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. பத்து வருஷமாக வெட்டு என்பதை நேரமாகவே நினைத்திருக்கிறேன். இவர்களுக்கு அது உயரம். ஒரு முறை சரியாக அமைத்துவிட்டால் நாளும் மாறாது. மூக்குக்கு வேலையில்லையா என்று பெரியவர் விடாமல் கேட்டார். இருக்கிறது, ஆனால் பீப்பாய்க்குப் பிறகு என்றார் வழிகாட்டி.

சேமிப்புக் கிடங்குகளின் சுவரும் பக்கத்து மரங்களும் கரி பூசியது போல் கறுப்பு. தீப்பிடித்ததா என்று மச்சான் கேட்டான். இல்லை, அது பூஞ்சை. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிற சாராயத்தை உண்டு வளர்கிறது. அந்த இழப்பைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள்.

ஐந்தாம் நாள்: ஷெல்பிவில்

ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நாதன் கிரீன். ஊரில் நியரஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். டான் கால் என்ற போதகரின் பண்ணையில் அடிமையாக இருந்து வடித்தவர். அந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்த சிறுவன்தான் ஜாக். அடிமை முறை ஒழிந்து, ஜாக் சொந்தமாக டிஸ்டிலரி தொடங்கியபோது, நியரஸ்ட் கிரீன் அதன் முதல் தலைமை வடிப்பாளர் ஆனார். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்தார்கள். ஆனாலும் நிறுவனம் இந்தக் கதையைப் பொதுவில் உரக்கச் சொல்லத் தொடங்கியது 2016இல்தான். ஃபான் வீவர் என்ற எழுத்தாளர் அவர் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டு, 2017இல் அன்கிள் நியரஸ்ட் என்ற பெயரில் விஸ்கியே கொண்டுவந்தார். 2019இல் ஷெல்பிவில்லில், முன்பு குதிரைப் பண்ணையாக இருந்த இடத்தில் டிஸ்டிலரி திறந்தார்கள்.

நியரஸ்டின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பழைய புகைப்படம் ஒன்றில் ஜாக்குக்கு அருகே ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நியரஸ்டின் மகன் ஜார்ஜ் கிரீன் என்கிறார்கள். அந்தக் காலத்தில், ஒரு முதலாளி படத்தின் நடு இடத்தை அவருக்கு விட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமல்ல.

அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது எனக்குத் தாத்தாவின் கொல்லை ஞாபகம் வந்தது. வாலைக்கு அடுப்பு எரித்தது ஒரு பாட்டி. தீ ஏறினால் விறகை இழுப்பார், தணிந்தால் தள்ளுவார். தீநீர் நீர்த்துப்போகிற நேரத்தைத் தாத்தாவுக்கு முன்னால் அவர்தான் முகர்ந்து சொல்வார். "போதும் சாமி, எறக்குங்க." பாட்டிலில் ஒட்டிய சீட்டில் தாத்தா பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது என்பது இன்றுதான் உறைத்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. "இதுக்கா எழுப்புன?" என்றவர், கொஞ்ச நேரம் யோசித்துப் பெயரைச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் பெயரும், எந்தத் தெரு என்பதும் சொன்னார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மாலை வடக்கே ஓட்டிக் கென்டக்கிக்குள் நுழைந்தோம். பார்ட்ஸ்டவுனில் தங்கல்.

ஆறாம் நாள்: லொரெட்டோ

மேக்கர்ஸ் மார்க் டிஸ்டிலரி. கறுப்புப் பலகைக் கட்டடங்கள், சிவப்புச் சாளரக் கதவுகள், சுற்றிலும் மேய்ச்சல் நிலம். போர்பன் என்பது சோள விஸ்கி. பெரும்பாலான போர்பனில் சோளத்துக்கும் பார்லிக்கும் துணையாக ரை தானியம் சேரும். இங்கே அதற்குப் பதில் சிவப்புக் குளிர்காலக் கோதுமை. 70 பங்கு சோளம், 16 பங்கு கோதுமை, 14 பங்கு முளைப்பார்லி. இந்தக் கலவையை முடிவு செய்ய, நிறுவனர் ஒவ்வொரு கலவையிலும் ரொட்டி சுட்டுத் தின்று பார்த்தார் என்று சொல்கிறார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்து பார்ப்பதைவிட ரொட்டி ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். அருமையான யோசனை!

புளிக்கிற தொட்டிகள் சைப்ரஸ் மரத்தால் ஆனவை. மேலே மஞ்சள் நுரை தானாகப் புரண்டுகொண்டிருக்கிறது, அடியில் யாரோ கரண்டி போட்டுக் கிண்டுகிற மாதிரி. விரலை விட்டு ருசித்துப் பார்க்கச் சொன்னார்கள். நேற்றுப் போட்ட தொட்டி இனிப்புக் கஞ்சி. மூன்று நாள் ஆனது புளித்த தோசைமாவும் பியரும் கலந்த சுவை. வடித்த பிறகு மிஞ்சுகிற புளித்த கழிவு நீரில் ஒரு பங்கை அடுத்த ஊறலில் ஊற்றுவார்கள். சவர் மாஷ் என்பது அதுதான். உறை மோர் ஊற்றுவது மாதிரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சரியில்லை. அந்தத் தண்ணீர் கொதித்து வந்தது, அதில் உயிருள்ள ஈஸ்ட் இல்லை. அது தருவது புளிப்பு மட்டும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் வளராது, ஈஸ்ட் சுகமாக வேலை செய்யும், ஒவ்வொரு ஊறலும் முந்தின ஊறல் மாதிரியே இருக்கும்.

கிடங்கில் ஏறினோம். இங்கேதான் பெரியவர் அதிக நேரம் நின்றார். போர்பனுக்குச் சட்டம் கறாரானது. குறைந்தது 51 விழுக்காடு சோளம், உட்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக், பீப்பாய்க்குள் போகும்போது 62.5 விழுக்காட்டுக்கு மேல் வீரியம் கூடாது. இவர்கள் இன்னும் குறைத்து 55இல் போடுகிறார்கள். வெயில் காலத்தில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகுகிறது. குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. கருகிய அடுக்கு கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்ளும். மரம் வெனிலா வாசமும் நிறமும் கொடுக்கும். மேல் தளத்தில் சூடு அதிகம், சீக்கிரம் முதிரும். அதனால் பீப்பாய்களை மேலிருந்து கீழே ஆளே உருட்டி இடம் மாற்றுகிறார்கள்.

எங்கள் ஐந்து லிட்டர் பீப்பாயைப் பற்றிக் கேட்டேன். ஐந்து மாதத்திலேயே மரத்தூள் குடித்த மாதிரி துவர்த்துப்போனது அது. அந்த ஊழியர் பக்கத்திலிருந்த 200 லிட்டர் பீப்பாயைத் தட்டினார். "பீப்பாய் சின்னதாக ஆக, ஒவ்வொரு லிட்டர் சரக்கும் மரத்தோட படற பரப்பு கூடிடும். மரம் சீக்கிரம் ஏறிடும், ஆனா வயசு ஏறாது. வயசுக்குக் காத்துதான் வேணும், வருஷந்தான் வேணும்."

பிறகு எங்கள் கேள்வி. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க வெள்ளையா குடிக்கிறதுக்கு வெட்டறீங்க. நாங்க ஆறு வருஷம் கழிச்சுக் குடிக்கிறதுக்கு வெட்டறோம். இன்னிக்கு மூக்குல உறுத்தற வால்ல கொஞ்சம் உள்ள இருந்தாத்தான் அன்னிக்கு உடம்பு இருக்கும்." வாலில் இருக்கிற அமிலங்கள் வருஷக்கணக்கில் சாராயத்தோடு சேர்ந்து பழவாசமாக மாறுகின்றன. அந்த அமிலத்தையே வெட்டி எறிந்துவிட்டால் மாற ஒன்றுமிருக்காது. நாங்கள் மரத்தில் போட்ட சரக்கு ஏன் எப்போதும் மெலிந்தே இருந்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. குடிக்கிற நாளை முடிவு செய்யாமல் வெட்டை முடிவு செய்ய முடியாது.

திரும்பும் வழியில் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழாம் நாள்: வெர்சேல்ஸ், ஃபிராங்ஃபர்ட்

காலையில் உட்ஃபோர்ட் ரிசர்வ் டிஸ்டிலரி. கல் கட்டடத்துக்குள் ஸ்காட்லாந்தில் செய்த செம்புப் பானைகள், கழுத்து நீண்டு, கூஜாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி. மூன்று முறை வடிக்கிறார்கள். கடைசிப் பானையில் தலையையும் வாலையும் பிரித்து அடுத்த வடிப்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் கராஜில் நடப்பது இதுவேதான், அளவு மட்டும் வேறு. பானைச் சரக்கோடு லூயிவில்லில் தூணில் வடித்ததையும் கலந்துதான் பாட்டிலில் அடைக்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.

மதியம் ஃபிராங்ஃபர்ட்டில் பஃபலோ டிரேஸ் டிஸ்டிலரி. மதுவிலக்குக் காலத்தில் நாடே மூடிக்கிடக்க, டாக்டர் சீட்டுக்கு மருந்து விஸ்கி அடைக்கும் உரிமம் வாங்கி மூச்சை விடாமல் வைத்திருந்த இடம். தூணிலிருந்து இறங்கியபடியே எங்கள் உள்ளங்கையில் சில சொட்டு விட்டார்கள். வயசேறாத சரக்கை இங்கே வெள்ளை நாய் என்கிறார்கள். கையோடு கை தேய்த்தோம். முதலில் சாராயம் பறந்தது. பிறகு தீயில் வாட்டிய கதிரின் வாசனை. ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகும் ஏதோ ஒன்று கையில் தங்கியிருந்தது. லேசான எண்ணெய்ப் பசை, கொஞ்சம் ஈர அட்டை.

"வால்" என்றார் பெரியவர். உள்ளங்கையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். "வேணும்னே விட்டு வச்சிருக்காங்க."

சாயங்காலம் வண்டியில் பாட்டில் கணக்குப் போட்டோம். நியூசிலாந்துக்குள் ஆளுக்கு மூன்று பாட்டில்தான் வரியில்லாமல் கொண்டுபோகலாம். எனக்கு லிஞ்ச்பர்க் ஒன்று, ஷெல்பிவில் ஒன்று, லொரெட்டோ ஒன்று. பெரியவர் காட்லின்பர்க் சோளச் சரக்கையும் ஷெல்பிவில் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை வாங்கவில்லை. ஏன் என்றதற்குப் பதிலில்லை. நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

ஹைவேயில் ஏறியதும் முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டார்.

"அடுத்த வடிப்புல ஒம்பதாவது ஜாடியில நிறுத்த வேண்டாம். பதினாலு வரைக்கும் சேத்துக்குவோம்."

"அவ்வளவு வால் போனா வெள்ளையாக் குடிக்க முடியாதே. நாலஞ்சு வருஷமாவது மரத்துல கிடக்கணும்" என்றேன்.

"தெரியும்" என்றார். "அந்த அஞ்சு லிட்டர் பீப்பாய் சரிப்படாது. ஊருக்குப் போனதும் இருபது லிட்டரா ஒண்ணு வாங்கு. பாதிப் பணம் என்னோடது."

மச்சான் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். பெரியவர் நோட்டைப் பிரித்து, எத்தனை கிலோ சோளம் வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.